வீட்டில் செய்யும் ஸ்டோன் பிக்கர்கள்: எது தேறும், எது தேறாது

துணி போன்றவற்றில் ஒட்டும் சின்ன அலங்காரக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பசைமேல் வைக்கும் குச்சி போன்ற கருவிதான் ஸ்டோன் பிக்கர். கல்லைத் தூக்காத பிக்கர் என்று ஒன்று கிடையாது. 3 மி.மீ. கண்ணாடிக் கல்லைத் தூக்க ஈர விரல்நுனியே போதும். வில்லங்கம் ஆரம்பிப்பது கல் பசைமேல் உட்கார்ந்த பிறகுதான். குச்சி கல்லை விடமாட்டேன் என்கிறது. கல் கூடவே எழும்புகிறது. பசை நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்து பக்கத்துக் கல்லின் முகத்தில் படிகிறது. அதனால் இங்கே ஒவ்வொரு கருவியையும் எடைபோட்டது ஒரே கேள்வியை வைத்துத்தான்: கல்லை எவ்வளவு சுத்தமாக விடுகிறது?

சொல்வதெல்லாம் ஃப்ளாட்பேக் கற்களுக்கு, அதாவது அடி தட்டையாகவும் மேலே பட்டை தீட்டியும் இருக்கிற வகைக்கு. எஸ்எஸ் என்பது கல்லின் அளவைச் சொல்லும் குறியீடு. எஸ்எஸ்6 என்றால் சுமார் 2 மி.மீ. அகலம், எஸ்எஸ்10 என்றால் 2.8, எஸ்எஸ்16 என்றால் 4, எஸ்எஸ்20 என்றால் 4.7, எஸ்எஸ்30 என்றால் 6.4. கல்லின் உச்சியில் சமமாக ஒரு பட்டை இருக்கும். எந்தக் கருவிக்கும் அதுதான் பிடி. கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும், கல்லின் அகலத்தில் பாதியையொட்டி இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கருவியின் முனை அந்தப் பட்டையைவிட அகலமாக இருந்தால் ஓரத்தில் பிதுங்கும் பசையைத் தொடும். பசை தொட்ட முனை அடுத்த கல்லை விடவே விடாது.

கையில் கிடைத்ததை வைத்து

ஈரப் பல்குச்சி. நுனியைத் தண்ணீரில் தொட்டு, டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றி எடுத்தால் எஸ்எஸ்10 வரை தூக்கும். தூக்குவது நீரின் பரப்பு இழுவிசை மட்டும்தான் என்பதால் விடுவதும் சுத்தம், கல்லில் கறையும் இல்லை. ஆனால் நாலைந்து கல்லுக்கு ஒருமுறை மறுபடி நனைக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக நனைத்துவிட்டால் நீர் கல்லின் அடிக்கு இறங்கி, பசைக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பத்து இருபது கல் ஒட்டுகிற வேலைக்கு இதுவே போதும். அதற்குமேல் என்றால் பொறுமை போய்விடும்.

போஸ்டர் ஒட்டும் புட்டி. பென்சில் நுனியில் உருட்டி வைத்த மாத்திரத்தில் அருமையாக வேலை செய்யும், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரைமணி நேரத்தில் கைச்சூடு ஏறி இளகும், துணியிலிருந்து பஞ்சு பஞ்சாக இழுத்துச் சேர்க்கும். அதைவிட மோசம், கல்லின் முகத்தில் எண்ணெய்ப் பசையாக ஒரு படலம் விடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஒட்டி முடித்த வரிசை முழுக்க மங்கலாகத் தெரியும். பெரிய கற்களுக்கு, எஸ்எஸ்30க்கு மேல், அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரட்டைப்பக்க டேப்பைக் குச்சியில் சுற்றும் யோசனையும் அடிக்கடி சொல்லப்படுகிறது. வேண்டவே வேண்டாம். அதன் ஒட்டு ஈரப் பசையைவிட வலுவானது. கல் குச்சியோடுதான் போகும். லிப் பாம் தடவிய குச்சியும் அப்படியே தள்ள வேண்டியது, காரணம் மட்டும் வேறு. எண்ணெய் விரலுக்குப் போய், விரலிலிருந்து கல்லின் அடிக்குப் போய், ஒட்டிய கல் ஒரு வாரத்தில் உதிரும். வெறும் மெழுகுவத்தித் துண்டு கெட்டியான பாரஃபின். கல்லைப் பிடிக்காது, அழுத்தினால் தூளாக உதிரும்.

கண்ணாடி, பீங்கான்மேல் எழுதும் வெள்ளை மெழுகு பென்சில் இந்தக் கூட்டத்தில் பரவாயில்லை. கூராகச் சீவாமல் நுனியை மழுக்கி வைத்தால் எஸ்எஸ்6 முதல் எஸ்எஸ்12 வரை தூக்கி, சுத்தமாக விடுகிறது. சிவந்த, கறுத்த கற்களில் வெள்ளைப் புள்ளி விழும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போய்விடும்.

ட்வீசரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃப்ளாட்பேக் கல்லுக்கு அது எதிரி. ஓரத்தைப் பிடித்தால் அடியிலிருக்கும் வெள்ளிப் பூச்சு சுரண்டப்படும், கொஞ்சம் அழுத்தினால் கல் தெறித்து எங்கோ போய் விழும். தேடுகிற நேரத்தில் ஒரு வரிசை ஒட்டி முடித்துவிடலாம்.

தேன்மெழுகும் கரித்தூளும்

வீட்டில் செய்வதில் முதலிடம் இதற்குத்தான், 5க்கு 4.5. நகைப் பட்டறைகளில் கல் பதிக்கிறவர்கள் வெகுகாலமாகக் கையாளும் கலவை இது. வெறும் தேன்மெழுகு கைச்சூட்டிலேயே இளகிக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். கரித்தூள் சேரும்போது மெழுகு விறைக்கிறது, ஒட்டும் குணம் அளவாகிறது, கல்லில் மிச்சம் விடுவதும் குறைகிறது.

தேவை: சுத்தமான தேன்மெழுகு 10 கிராம், கரித்தூள் 1 முதல் 2 கிராம். கரி என்றால் ஓவியர்கள் வரையும் கரிக்குச்சி. அதைப் பொடித்து மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கென்று அச்சில் வார்த்து விற்கும் கரிக்கட்டிகளில் பிணைப்புப் பொருளும் சாம்பலும் கலந்திருக்கும். அந்த நெறுநெறுப்பு அக்ரிலிக் கல்லைக் கீறிவிடும்.

மெழுகை நேரடித் தீயில் வைக்கக் கூடாது. பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி அதற்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். 85 டிகிரியைத் தாண்டினால் நிறம் மாறத் தொடங்கும், ஆகவே தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தேவையில்லை. உருகியதும் முதலில் 1 கிராம் கரித்தூளைப் போட்டுக் கிளறுங்கள். பலர் கோட்டை விடுவது இதற்கடுத்த கட்டத்தில்தான். மெழுகு திரவமாக இருக்கும்வரை கரி அடியில்தான் படியும். அப்படியே ஊற்றி ஆறவைத்தால் மேல்பாதி ஒட்டும், அடிப்பாதி உதிரும். அதனால் அடுப்பிலிருந்து இறக்கி, கெட்டிப்படும்வரை கிளறிக்கொண்டே இருங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சப்பாத்தி மாவு போலப் பிசையுங்கள். பிய்த்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள் கோடு எதுவும் தெரியக் கூடாது.

இந்தப் பத்து கிராமில் ஏகப்பட்ட முனைகள் செய்யலாம். ஒரு முனைக்குப் பட்டாணி அளவு உருண்டைகூட அதிகம்.

பதம் பார்க்கும் வழி: எஸ்எஸ்10 கல் ஒன்றை முனையால் தூக்கி மணிக்கட்டை லேசாக உதறுங்கள். கல் விழுந்தால் கரி அதிகம். கொஞ்சம் மெழுகு சேர்த்து மறுபடி பிசைய வேண்டும். விழாவிட்டால், கல்லை விரலால் கழற்றி உச்சிப் பட்டையை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். பனி மூடியதுபோல் ஒரு வட்டம் தெரிந்தால் மெழுகு இளக்கம், மீதியுள்ள கரித்தூளில் ஒரு சிட்டிகை சேர்க்கலாம். கண்ணாடி பளிச்சென்று இருந்தால் அதுதான் பதம்.

கரியின் ஒரே குறை, வெள்ளைத் துணியில் தவறிப் பட்டால் கறுப்புக் கோடு விழும். வெள்ளை, வெளிர் நிறத் துணிகளுக்கென்று தனியாக ஒரு குச்சி செய்து, அதில் கரிக்குப் பதில் டால்க் தூள் கலந்துகொள்வது நல்லது. விறைப்பு கரி அளவுக்கு வராது, ஆனாலும் வேலைக்காகும். மெழுகை இன்னும் கடினமாக்க கார்னபா மெழுகு (பனையிலையிலிருந்து எடுக்கும் கெட்டி மெழுகு) ஒரு துளி சேர்ப்பவர்களும் உண்டு. அது உருகவே 80 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் வெக்கையான அறையில் கைகொடுக்கும்; கை மீறினால் முனை கண்ணாடிபோல் வழுவழுத்துக் கல்லைத் தொடவே மறுக்கும்.

குச்சியும் முனையும்

மூங்கில் குச்சிதான் எல்லோரும் எடுப்பது. 3 மி.மீ. தடிமன் கைக்குப் போதாது. ஒருமணி நேரத்தில் கட்டைவிரல் அடியில் வலிக்கும். அறுகோணப் பென்சில் மேல்: சுமார் 7 மி.மீ., மேசையில் உருளவும் உருளாது. மூங்கில்தான் இருக்கிறது என்றால் பிடிக்கும் இடத்தில் துணி டேப்பைத் தடிமனாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

வழவழப்பான நுனியில் மெழுகை அப்படியே அப்பினால் கொஞ்ச நேரத்தில் மெழுகு உருண்டை குச்சியைவிட்டுக் கழன்று கல்மேல் தொப்பிபோல் உட்கார்ந்துகொள்ளும். அதைத் தடுக்க, நுனியிலிருந்து 1 செ.மீ. தூரத்துக்குள் பிளேடால் நாலைந்து சிறு வெட்டுகள் போட்டு, முதலில் அந்த நுனியை உருகிய மெழுகில் ஒருமுறை முக்கி எடுங்கள். அது மரத்துக்குள் கொஞ்சம் ஊறிப் பிடிக்கும். அதன்மேல் பிசைந்த கலவையை வைத்து அழுத்திக் கூம்பாக உருட்டுங்கள்.

கூம்பின் நுனி ஊசியாக இருக்கக் கூடாது. எஸ்எஸ்6க்கு 1 மி.மீ., எஸ்எஸ்10க்கு 1.5 மி.மீ. அகலத்துக்கு மழுக்குங்கள். எஸ்எஸ்16, எஸ்எஸ்20க்கு 2 மி.மீ. போதும், எஸ்எஸ்30க்கு 3 மி.மீ. கூராக இருந்தால் கல் முனையில் தள்ளாடும், பசைமேல் வைக்கும்போது ஒருபக்கம் சாய்ந்து உட்காரும். ஒரே குச்சியை எல்லா அளவுக்கும் உருட்டி உருட்டி மாற்றுவதைவிட இரண்டு மூன்று குச்சிகள் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

குச்சியின் மறுமுனையை வீணாக்காதீர்கள். தையல் ஊசியின் காதுப் பக்கத்தைப் பென்சிலின் அடியில் செருகிப் பசை வைத்துவிட்டால், சாய்ந்த கல்லை நிமிர்த்தவும், வரிசையை ஒதுக்கவும், பிதுங்கிய பசையைச் சுரண்டவும் அதுவே உதவும். மெழுகு விடாமல் அடம்பிடிக்கும் கல்லின் ஓரத்தை அமுக்கிப் பிடிக்கவும் அந்த ஊசிதான். கடையில் விற்கும் இரட்டைமுனைப் பிக்கர்களின் சூட்சுமமும் இவ்வளவே.

கல்லை வைக்கும் கை அசைவு முக்கியம். நேராக இறக்கி, ஒரு விநாடி அழுத்தி, குச்சியை ஒரு பக்கமாகச் சாய்த்து உருட்டி எடுங்கள். நேர்மேலே இழுத்தால் மெழுகின் முழுப் பரப்பும் ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கும். சாய்க்கும்போது ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடும். திருகி எடுக்கும் பழக்கம் வட்டக் கற்களுக்குப் பரவாயில்லை. துளி வடிவம், இலை வடிவக் கற்களைத் திருகினால் திசை மாறிவிடும்.

பசைதான் பாதி வேலை

குச்சி நல்லதா கெட்டதா என்று பசையைப் பார்க்காமல் சொல்லவே முடியாது. கல்லை மெழுகு பிடித்திருக்கும் வலுவைவிடப் பசையின் பிடி கூடுதலாக இருக்கும் கணத்தில்தான் குச்சி விடும். இ6000 வகைப் பசை (கல் ஒட்டப் பயன்படும் கைவினைப் பசை) வைத்த உடனே வழவழப்பாக இருக்கும். சுமார் 2 நிமிடத்தில் பிசுபிசுப்பு ஏறும். வைத்ததும் கல்லைப் போட்டால் வழுக்கும், குச்சியோடு திரும்பி வரும். ரொம்பத் தாமதித்தால் மேலே தோல் கட்டிக் கல் மேலோட்டமாக ஒட்டும். எட்டு பத்துப் புள்ளி வைத்துவிட்டு, முதல் புள்ளியிலிருந்து கல் வைக்கத் தொடங்கினால் நேரம் சரியாக வரும். புள்ளி, கல்லின் அகலத்தில் பாதிக்குமேல் போகவேண்டாம்; அழுத்தும்போது ஓரம்வரை பரவிவிடும். முழுதாக இறுக 24 முதல் 72 மணி நேரம் ஆகும், அதற்குமுன் துவைப்பதோ மடிப்பதோ கூடாது. அதன் புகை நல்லதல்ல. ஜன்னலைத் திறந்துவைத்தே வேலை செய்யுங்கள்.

சூப்பர் குளூ இந்த வேலைக்கு ஆகாது. அதன் ஆவி கல்லின்மேல் வெண்படலமாகப் படியும், ஒட்டிய இடம் விறைத்து, துணி மடங்கும்போது விண்டுபோகும். மெழுகு முனை அதைத் தொட்டால் மேலே ஓடு கட்டிவிடும்.

ஹாட்ஃபிக்ஸ் கற்களுக்கு, அதாவது அடியில் பசையோடே வந்து சூட்டில் ஒட்டும் வகைக்கு, மெழுகுக் குச்சியைப் பயன்படுத்துவதில் ஒரு எச்சரிக்கை. அடியிலிருக்கும் பசையை இளக்கத் தேவையான சூடு, தேன்மெழுகு உருகும் சூட்டைவிட மிக அதிகம். கல்லில் மெழுகு மிச்சம் இருந்தால் அது உருகித் துணியில் எண்ணெய்க்கறையாக இறங்கும். அங்கே ஈரப் பல்குச்சியோ, அடுத்துச் சொல்லும் காற்றுறிஞ்சியோதான் சரி.

காற்றால் உறிஞ்சும் பேனா

கொஞ்சம் மெனக்கெட்டால் செய்துவிடக்கூடியது. ஆயிரக்கணக்கில் கல் ஒட்டுகிறவர்களுக்கு மட்டும் பரிந்துரை. மீன்தொட்டி ஏர் பம்பைத் திறந்து, ரப்பர் வால்வுகளைத் திருப்பிப் போட்டால் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சும் என்பது பலரும் சொல்லும் வழி. எல்லா மாடலிலும் அது ஒத்துவராது. வால்வு அறையில் சிறு கசிவு இருந்தாலும் உறிஞ்சல் செத்துவிடும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் பெட்டியைப் பிரிப்பதைவிட, உள்ளே வெளியே இரண்டு வாயும் உள்ள 6 வோல்ட் அல்லது 12 வோல்ட் சிறு வாக்குவம் பம்ப் வாங்குவது பத்திரம்.

5 மி.லி. சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு, பின்பக்கம் ரப்பர் அடைப்பு வழியாக 4 மி.மீ. உள்விட்டமுள்ள ஏர் ட்யூபைச் செருகுங்கள். சிரிஞ்சின் பக்கவாட்டில், ஆள்காட்டி விரல் படும் இடத்தில் 2 மி.மீ. துளை ஒன்று. முன்னால் மழுங்கிய டிஸ்பென்சிங் ஊசி (பசை, திரவம் சொட்டவிடும் ஊசி). துளையை விரலால் மூடினால் கல் ஒட்டும், விரலை எடுத்தால் விழும். விடுவதில் இதற்கு நிகர் இல்லை. பசையே இல்லாவிட்டாலும் விடும்.

ஊசியின் வெளிவிட்டம் கல்லின் உச்சிப் பட்டையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 21 கேஜ் ஊசி 0.8 மி.மீ. சொச்சம், அது எஸ்எஸ்6 முதல் எஸ்எஸ்12 வரை. 18 கேஜ் கிட்டத்தட்ட 1.3 மி.மீ., அது எஸ்எஸ்16க்கு மேல். வாய் பட்டையின் ஓரத்தைத் தாண்டினால் காற்று புகுந்து கல் நழுவும். அதே காரணத்தால், உச்சி கூம்பாக முடியும் ரிவோலி வகைக் கற்களை இது தூக்காது, அவற்றுக்கு மெழுகுக்குச்சிதான். உலோக வாய் அக்ரிலிக்கைக் கீறும் என்பதால் மெல்லிய ஒயரின் ரப்பர் உறையில் சிறு துண்டை வெட்டி ஊசி நுனியில் மாட்டிவிடுங்கள். சிரிஞ்சுக்குள் ஒரு துணுக்குப் பஞ்சு வைக்காவிட்டால் உடைந்த சில்லும் மினுக்குத் தூளும் பம்புக்குள் போகும். பசை உறிஞ்சப்பட்டு ஊசி அடைபட்டால் மெல்லிய கம்பியால் குத்தி எடுக்க வேண்டும், உலர்வதற்குள். பம்ப் இல்லாமல் மருந்துச் சொட்டியின் ரப்பர் குமிழை ஊசியோடு சேர்த்தும் செய்யலாம். ஒரு கல்லைத் தூக்கி வைக்கும் நேரம்வரை தாங்கும், அவ்வளவுதான். கைக்கு வேலை அதிகம்.

5க்கு 4. ட்யூப் பின்னாலேயே இழுபட்டுக்கொண்டு வருவதும் பம்பின் ரீங்காரமும் சேர்ந்து அந்த ஒரு மதிப்பெண்ணைத் தின்றுவிடுகின்றன.

தட்டு

கவிழ்ந்து கிடக்கும் கல்லை எந்தப் பிக்கரும் சரியாக எடுக்காது. ஆழமில்லாத ஜாடி மூடியில் ஒரே அடுக்காகக் கற்களைப் பரப்பி, மூடியை மேசைமேல் வைத்தபடியே முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துவிடுங்கள். முகம் கீழே இருக்கும் கல் பட்டைமேல் ஆடிக்கொண்டிருப்பதால் புரண்டு நிமிரும், அடி தட்டையாக உட்கார்ந்த கல் அசையாது. மூடி நிறையக் கொட்டினால் எதுவும் புரளாது. சிறு கற்களை ஒட்டிப் படம் உருவாக்கும் டைமண்ட் பெயின்டிங் பெட்டியில் வரும் வரிப்பள்ளத் தட்டு வீட்டில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டக் கற்களும் 2.8 மி.மீ. என்பதால் எஸ்எஸ்10 அதில் அழகாக வரிசை கட்டும், எஸ்எஸ்16 அடங்காது. அக்ரிலிக் கற்கள் நிலைமின்சாரத்தால் பிளாஸ்டிக் மூடியில் துள்ளி ஒட்டும். தட்டை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் அடங்கும். வெல்வெட் விரித்த தட்டில் கல் உருளாது என்பது உண்மை, நிமிரவும் நிமிராது.

நடுவில் மெழுகு முனை இளகினால் குளிர்ந்த நீரில் ஒருமுறை முக்கி ஒற்றி எடுங்கள். குளிரில் பிடிக்காமல் போனால் விரலிடுக்கில் பத்து விநாடி உருட்டுங்கள். முனையில் பஞ்சோ பசையோ ஏறியிருந்தால் மறுபடி பிசைந்து உள்ளே தள்ள வேண்டாம், அது எப்படியும் மேலே வந்துவிடும். பிளேடால் 1 மி.மீ. சீவி எறிந்துவிட்டு நுனியை மழுக்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பழைய ஸ்கெட்ச் பேனா மூடி ஒன்றை மாட்டி வையுங்கள், தூசு ஏறாது.